யாசோ பள்ளிக்கூடம் போகிறான்

— குளிக்கிறதுன்னா மூணரைக்கு வாங்கம்மா. வாசல்ல பலகை மாட்டியிருக்கு பாருங்க. தண்ணி இன்னும் சூடாகல, அவரு பின்னாடி இப்பத்தான் விறகே போடறாரு.

— குளிக்க வரல.

— என்னது? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. மாஸ்க்கையும் மாட்டிக்கிட்டு காத்துல பேசினா எனக்கு எங்க கேக்கும்?

— சத்தம் வராது. தொண்டையில ஆபரேஷன்.

— அய்யோ, அப்படியா? சரி சரி, உக்காருங்க. நீங்கதானே மூணு நாளா வர்றீங்க? பொம்பளைங்க பக்கம், மூலைத் தொட்டியில கழுத்து வரைக்கும் முங்கிக்கிட்டு ஒரு மணி நேரம். சொல்லப் போனா, மாஸ்க்கோட குளிக்கிற ஆளை நான் இப்பத்தான் பார்க்கறேன். ஏதோ ஜலதோஷம்னு நெனச்சேன்.

— ஹிசா.

— யாரு? என்னை ஹிசான்னு கூப்பிடறவங்க இந்தத் தெருவுல எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்.

— மாஸ்க்கைக் கழட்டிட்டேன். இப்ப பாரு, ஹிசாகோ. தெரியுதா?

— கட்சுராகி மிட்சுயோ.

— முழுப் பேரா?

— டிவியில முழுப் பேராத்தானே போடறாங்க? வாங்க, வாங்க, கட்சுராகி-சான். முப்பத்தாறு வருஷம் கழிச்சு பெரிய நடிகைக்கு எங்க தெரு ஞாபகம் வந்திருக்கு. காப்பிப் பால் குடிக்கிறீங்களா? இல்ல, அதெல்லாம் பாட்டில்ல குடிக்க மாட்டீங்களா?

— முன்னெல்லாம் சான் போடாம அக்கான்னு கூப்பிடுவே.

— முன்னெல்லாம் டப்பிங் ஸ்டூடியோவுல கடைசி பெஞ்சுல ஒரு சோத்து உருண்டையை ரெண்டாப் பிச்சு ஆளுக்குப் பாதி தின்னோம். ‘கூட்டத்தில் பெண் ஒன்று’ நீங்க, ‘கூட்டத்தில் பெண் ரெண்டு’ நான். அது வேற காலம், கட்சுராகி-சான். நான் இப்ப குளியல் கூடத்துக்காரி. ஐந்நூத்தி ஐம்பது யென் வாங்கிப் போட்டு சாவி கொடுக்கறவ. டிவி பார்க்கவே எனக்கு நேரம் இல்ல.

— சரி.

— நெசமாத்தான். அந்த மாமியார் தொடர்ல மருமக வெச்ச சூப்பை வாசல்ல கொட்டினீங்களாமே, ஊரே பேசிச்சு. நான் அதைக்கூட பார்க்கல.

— எந்தக் கையால கொட்டினேன்?

— இடது கையால. வலது கையிலதான் விசிறி இருந்துச்சே.

— பார்க்கலைன்னே.

— குளிக்க வர்றவங்க சொல்லுவாங்க! நூறு பேர் வந்து போற இடம். எங்க மாமியார் உயிரோட இருந்தப்ப உங்களைப் பார்த்துட்டுத்தான் சூப்பைக் கொட்டக் கத்துக்கிட்டாங்க. அதுக்கு நான் யாரைக் கேக்கறது?

— எனக்கு மீன்காரர் மத்தி மீன் தரமாட்டேன்னுட்டார். ‘உன் மருமகளைக் கூட்டிட்டு வா, அவளுக்குத் தர்றேன்’னார்.

— நல்லா வேணும். அப்படி ஒரு மூஞ்சி வெச்சிருந்தீங்க. சொல்லப் போனா, அந்த மூஞ்சி உங்களுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னே எனக்குப் புரியல. கடல் பூதம் படத்துல பாலத்து மேல நின்னு கத்தின பொண்ணா இவங்கன்னு… அது வந்து, நான் ஸ்கூல்ல படிக்கறப்ப பார்த்தது. உங்களோட பழகறதுக்கு முன்னாடி. அது கணக்குல சேராது.

— எத்தனை தடவை பார்த்தே?

— மூணு. மூணாவது தடவை டிக்கெட் கிழிக்கிற ஆள் தூங்கிட்டான். சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சுடும்.

— தையல் எப்பவோ ஆறிடுச்சு.

— அப்ப ஏன் இப்படிப் பேசறீங்க?

— ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம்தான் பேசலாம். டாக்டர் உத்தரவு. உன்கிட்ட பேசணும்னு காலையில இருந்து வாயே திறக்கல. சேத்து வெச்சிருக்கேன்.

— நல்லா இருக்கே கதை. ஊர்ல ஒரு வீடு பாக்கி இல்லாம பேசற வாய், அதுக்கு இப்ப பத்து நிமிஷமா? ஏன் கட்சுராகி-சான், தண்ணி சூடாக்கற மெஷின் ஒண்ணு வீட்டு வீட்டுக்கு வெச்சிருக்காங்களே, ‘குளியல் தண்ணீர் தயார்’னு ஒரு பொம்பளை தேனாப் பேசுவாளே, அது யாரு?

— நான்தான்.

— தெரியும்! முதல் தடவை என் மருமக வீட்டுல கேட்டப்ப கையில இருந்த தட்டைப் போட்டுட்டேன். இந்தத் தெருவுல நாலு குளியல் கூடம் இருந்துச்சு, இப்ப நாங்க மட்டும்தான். எல்லாரும் வீட்டுலயே குளிக்கறாங்க, நீங்கதான் தயார் தயார்னு கூப்பிடறீங்களே! என் வேலையை ரெண்டு தடவை எடுத்துக்கிட்ட ஒரே ஆள் உலகத்துலயே நீங்கதான்.

— முதல் தடவையைப் பத்திப் பேசத்தான் வந்தேன்.

— வேண்டாம்.

— யாசோ.

— அவன் பேரை இங்க எடுக்காதீங்க. … இல்லங்க, யாரோ பழைய சிநேகிதி! பேசிட்டு இருக்கேன்! நீங்க அடுப்பைப் பாருங்க! … எங்க வீட்டுக்காரருக்குக் காது ரொம்பக் கூர்மை. ம், சொல்லுங்க.

— யாசோ மார்ச்சோட முடியுது.

— என்ன முடியுது?

— கார்ட்டூன் தொடர்தான். இன்னும் பதினோரு பாகம். அதோட நிறுத்தறாங்க. கடைசிப் பாகத்துல பள்ளிக்கூடம் போறான்.

— யாசோவா? பள்ளிக்கூடத்துக்கா? முப்பத்தாறு வருஷமா ஆறு வயசுலயே நிக்கிற பய. நாளைக்கு ஸ்கூலு நாளைக்கு ஸ்கூலுன்னு புதுப்பையை மாட்டிக்கிட்டு டோஃபு கடையையே சுத்திச் சுத்தி வருவான். விடிஞ்சா திரும்ப முதல் நாளாயிடும். என் பையன் அதைப் பார்த்து வளர்ந்தான், பேரன் அதைப் பார்த்து வளர்றான், அவன் மட்டும் பல்லு விழுந்த வாயோட அப்படியே இருந்தான். முடியப் போகுதா? அட.

— டிவி பார்க்கறதில்லைன்னே.

— பேரன் போடுவான். காதை அடைச்சுக்கவா முடியும்?

— போன ஏப்ரல்ல எனக்கு ஆபரேஷன் நடந்துச்சு. அதுல இருந்து பழைய பாகங்களைத்தான் திரும்பப் போடறாங்க. குரல் நாண்ல கட்டி. கெட்ட கட்டி இல்ல. பேச்சு மெல்ல வந்துடும், புத்தாண்டுக்குள்ள. யாசோ வரமாட்டான்.

— டாக்டர் சொன்னாரா?

— டாக்டர் ‘பார்ப்போம்’னார். நான் வீட்டுல குளியல் அறைக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். வெறும் காத்து. அடுத்த நாளும் காத்து. பத்து நாள் பார்த்தேன்.

— அடக் கடவுளே.

— பாவப்படாதே. அதுக்கு வரல. கம்பெனிக்காரங்க வந்தாங்க. ‘ஆயிரத்து எழுநூறு பாகம் உங்க குரல் எங்ககிட்ட இருக்கு, கம்ப்யூட்டர்ல போட்டா மிச்சத்தை அதுவே பேசிடும், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்’னாங்க. மாதிரிக்கு ஒண்ணு பண்ணியும் காட்டினாங்க.

— கேட்டியா நீ அதை? எப்படி இருந்துச்சு?

— ‘நீ’ன்னுட்டே.

— வாய் தவறிடுச்சு. எப்படி இருந்துச்சு, சொல்லு!

— அச்சு அசல் நான். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா பயல் மலை ஏறி ஓடி வர்றான், கதவைத் தள்ளறான், அம்மான்னு கூப்பிடறான், மூச்சே வாங்கல. நான் எத்தனை வருஷமா ஓடி ஓடி வாங்கின மூச்சையெல்லாம் இரைச்சல்னு துடைச்சிட்டாங்க, ஹிசா. அந்தப் பையன் உயிர் இல்லாம பேசறான்.

— கையெழுத்துப் போட்டுடாதே.

— அப்ப ஒரு ஆள் பேசணும். இருநூறு பொண்ணுங்க வந்தாங்க. நல்ல பொண்ணுங்க, நல்ல குரல். ஒவ்வொருத்தியும் என்னை மாதிரியே பேசறா. பத்து வருஷம் இருந்தா அதுல ஒருத்தி அவனைத் தன் ஆளா ஆக்கிக்குவா. இருக்கறது பதினோரு பாகம். ‘யாரைத்தான் போடறது, நீங்களே சொல்லுங்க’ன்னாங்க. நான் ஒரு பேர் சொன்னேன். நாளைக்குக் காலைக்குள்ள பதில் கேக்கறாங்க.

— யார் பேரு?

— முதல் மூணு பாகம் பேசினவ பேரு. உன் பேரு, ஹிசா.

— எழுந்திரு. எழுந்து போ. பிச்சை போட வந்திருக்கியா? மூணரைக்கு ஆளுங்க வந்துடுவாங்க. நான் இன்னும் தரை துடைக்கல.

— பிச்சை இல்ல.

— பின்ன என்ன? முப்பத்தாறு வருஷம் சோத்தை நீ தின்னுட்டு, கடைசியில பானையைக் கழுவ என்னைக் கூப்பிடறே! எனக்கு எழுபது வயசு. நான் மைக் முன்னாடி நின்னு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நீ எடுத்துக்கிட்ட அன்னியோட சரி. எனக்குப் பொன்னுக்கு வீங்கி, கழுத்து ரெண்டு பக்கமும் பூசணிக்காய் மாதிரி. முப்பத்து நாலு வயசுல வர்ற வியாதியா அது? படுக்கையில கிடந்து டிவியைப் போட்டா நாலாவது பாகம் ஓடுது. யாசோ பேசறான். நான் பேசல, அவன் பேசறான். கடைசியில பேரு வருது, கட்சுராகி மிட்சுயோன்னு. ஒரு வார்த்தை வந்து சொன்னியா?

— வரல.

— முலாம்பழம் அனுப்பினே.

— அனுப்பினேன்.

— பெட்டியில வெச்சு, ரிப்பன் கட்டி! அதை எங்க மாமியார் நாலு துண்டு போட்டுத் தின்னாங்க. நான் ஒரு கொட்டையைக்கூடத் தொடல.

— அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வசனம் இருந்துச்சு, ஹிசா. கடைக்கு வர்ற அம்மா. ‘டோஃபு ரெண்டு கட்டி கொடுப்பா.’ அவ்வளவுதான். நீ வரலைன்னு போன் வந்துச்சு. டைரக்டர் சுத்திப் பார்த்தார். ‘நீங்க சின்ன வயசுல சாமுராய்ப் படத்துல ஆம்பளப் பிள்ளை வேஷம் போட்டவங்கதானே, இன்னிக்கு மட்டும் பேசுங்க’ன்னார்.

— இன்னிக்கு மட்டும்.

— ஆமா. நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. கல்யாணமான ஒரு சினிமா டைரக்டரோட எனக்கு இருந்த விஷயம் பத்திரிகையில வந்து அஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு. என் மூஞ்சியை ஒருத்தரும் கேமரா முன்னாடி விடல. குரலைத்தானே, யாருக்குத் தெரியப் போகுதுன்னு விட்டாங்க. உனக்காவது ஊர்ல பேரு கெடாம இருந்துச்சு. எனக்கு அந்த வாரம் வீட்டு வாடகைக்கு நகை இல்ல விக்கறதுக்கு. பசி, ஹிசா. பேசினேன். பேசிட்டு வெளிய வந்தா எனக்கு வெக்கமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. ரெண்டையும் தூக்கிக்கிட்டு உன் வீட்டு வாசல்ல எப்படி வந்து நிப்பேன்? பழத்தை அனுப்பினேன்.

— மெதுவாப் பேசு. பத்து நிமிஷம் தாண்டிடுச்சு. இந்தா, வெந்நீர் குடி.

— ம்.

— மெதுவா. … சரி, நான் கேக்கறேன், நீ தலையை மட்டும் ஆட்டு. என் குரல் செத்துப் போச்சான்னு தெரியாம எப்படி என் பேரைச் சொன்னே? சும்மா மனசாட்சிக்காகவா? இல்லேங்கறே. பின்ன? என்ன தண்ணியைக் காட்டறே? தொட்டியா? மூணு நாளு… ஏய். நீ குளிக்க வரலையா?

— கேக்க வந்தேன்.

— என்னத்தைக் கேக்க?

— சாயங்காலம் ஆறு மணிக்கு ஆம்பளைங்க பக்கம் நாலு வாண்டுங்க சோப்புத் தண்ணியில வழுக்கி விளையாடுதுங்க. நீ ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இந்தக் கல்லாவுல உக்காந்துக்கிட்டே கதை சொல்றே. கரடி பேசுது, போலீஸ்காரன் பேசறான், தவளை பேசுது. அதுங்க கப்சிப்னு தொட்டியில உக்காந்துடுதுங்க. பொம்பளைங்க பக்கம்கூட ஒருத்தி தண்ணி மொள்ளல. நேத்து தவளை செத்துப் போச்சா இல்லையான்னு சொல்லாம கல்லாவை எண்ண ஆரம்பிச்சுட்டே. எனக்குத் தூக்கமே வரல.

— அதுங்க வழுக்கி விழுந்து மண்டையை உடைச்சுக்கக் கூடாதேன்னு சொல்றது. அதுக்குப் பேரு நடிப்பா?

— வேற எதுக்குப் பேரு? இந்தா, இதைப் படி.

— என்ன காகிதம் இது? கண்ணாடி போடணும். இரு. ‘கடைசிப் பாகம். காலை. டோஃபு கடை வாசல்.’ இதை ஏன் என்கிட்ட கொடுக்கறே?

— ஒரே ஒரு வரி. அடிக்கோடு போட்டிருக்கேன். படிக்க முடியலைன்னா நானே எழுந்து போயிடறேன். தவளை என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லிடு.

— சிரிப்பு மூட்டாதே. … ‘யாசோ ஓடி வந்து, வாசலில் திரும்பி.’ ம்க்கும். ம்க்கும். ‘அம்மா! நான் போயிட்டு வரேன்!’ எப்படி? அப்படியே இருக்குல்ல?

— இருக்கு. அது நான். முப்பத்தாறு வருஷமா கேட்டுக் கேட்டு என்னைப் பேசிட்டே. இருநூத்தி ஒண்ணாவது ஆள் நீ.

— கொழுப்பைப் பாரு! பின்ன எப்படித்தான் பேசறது?

— உன் பையன் முதல் நாள் ஸ்கூலுக்குப் போனப்ப எப்படிச் சொன்னான்?

— அவனா? அவன் எங்க சொன்னான்? அழுமூஞ்சிப் பய. இந்த வாசல்ல, செருப்பு வைக்கிற பெட்டிகிட்ட நின்னான். பை அவனை விடப் பெருசு. வீராப்பா கத்தலாம்னு வாயைத் திறந்தான், பாதியில தொண்டை அடைச்சுக்கிச்சு. மிச்சத்தை மூக்காலதான் சொன்னான். நான் உள்ள போய் தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன், யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு.

— அதே மாதிரி இப்ப சொல்லு.

— அம்மா! நான்… போயிட்டு… வரேன்மா. … என்ன? மோசமா? அய்யோ, அழறியா? அக்கா, அழாதே, தொண்டைக்கு ஆகாது! நான் என்ன பண்ணிட்டேன்?

— இதை நான் பேசியிருக்க முடியாது.

— சும்மா சொல்லாதே.

— நான் அவனைக் கத்திக்கிட்டே அனுப்பியிருப்பேன். ஊரே கைதட்டும். அவன் போயிருக்க மாட்டான். நீ சொன்னப்ப வாசலைத் தாண்டிட்டான், ஹிசா. நான் முதுகைப் பார்த்தேன். நாளைக்குக் காலையில பத்து மணி. ஸ்டூடியோ, நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கு இப்ப.

— பத்து மணிக்கு நான் தொட்டி கழுவணும்.

— உன் வீட்டுக்காரர் கழுவமாட்டாரா?

— கழுவுவாரு. முணுமுணுத்துக்கிட்டே கழுவுவாரு. … என்னங்க! நாளைக்குக் காலையில தொட்டி நீங்க கழுவணும்! ஏனா? எனக்கு வேலை இருக்கு! என்ன வேலையா? … என்ன வேலைன்னு சொல்றது, அக்கா?

— ஆறு வயசுப் பையன் வேலைன்னு சொல்லு.

— சொன்னா டாக்டரைக் கூப்பிட்டுடுவாரு. அப்புறம் சொல்லிக்கறேன். ஆமா, நீ என்ன பண்ணப் போறே? வீட்டுல உக்காந்து முலாம்பழம் தின்னப் போறியா?

— படம்.

— என்ன படம்? இந்தக் குரலை வெச்சுக்கிட்டா?

— இருபத்தெட்டு வயசுப் பொண்ணு டைரக்டர். தீவுல கடிதம் கொடுக்கற கிழவி கதை. வசனமே இல்ல. ‘அறுபத்தேழு வருஷம் பேசிட்டீங்க, இப்ப சும்மா நில்லுங்க, நான் உங்க மூஞ்சியைப் பார்க்கறேன்’னா. பனி விழ ஆரம்பிச்சதும் ஷூட்டிங். என் பேரு முதல்ல வருது, ஹிசா. சினிமாவுல முதல் தடவையா.

— எழுபத்து மூணு வயசுல கதாநாயகி! பூதம் வருமா?

— சைக்கிள் வரும். ஓட்டக் கத்துக்கணும்.

— கடவுளே, விழுந்து வைக்காதே. படம் வந்தா நான் காசு கொடுத்தே பார்ப்பேன், டிக்கெட் கிழிக்கிறவன் முழிச்சிருந்தாலும். … மணி மூணேகால் ஆச்சு. அந்தா பாரு, குடையை ஊன்றிக்கிட்டு முதல் கிழவர் வந்துட்டாரு.

— நான் கிளம்பறேன். இனிமே பேச மாட்டேன், சைகைதான். கடைசியா ஒண்ணே ஒண்ணு. முலாம்பழத்தோட ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பத் தைரியம் வரல, கிழிச்சுட்டேன். அதுல இருந்தது ஒரு வரிதான், மன்னிச்சுடுன்னு. உனக்கு அந்த வியாதி வராம இருந்திருந்தா நான் இன்னிக்கு யாருமே இல்ல. உன்கிட்ட இருந்து திருடினதை வெச்சுத்தான் நான் பிழைச்சேன். மன்னிச்சுடு.

— நில்லு அக்கா, இதைக் கேட்டுட்டுப் போ. பறிகொடுத்தவள்னு சொல்லிக்கறது எனக்கு வசதியா இருந்துச்சு, அதனால நடந்ததை எங்க வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னதில்ல. வீக்கம் எனக்கு ரெண்டே வாரத்துல வடிஞ்சுடுச்சு. மூணாவது வியாழக்கிழமை, ரெக்கார்டிங் அன்னிக்கு, நான் ஸ்டூடியோவுக்கு வந்தேன், கதவுக்கு வெளியே நின்னு நீ யாசோவாப் பேசறதைக் கேட்டேன், என் வாயை விட உன் வாயில அவன் உயிரோட இருந்தான், கேட்டுட்டுக் கீழ இறங்கி, தெருமுனை போன்ல டைரக்டரைக் கூப்பிட்டு, ‘எனக்கு இன்னும் சரியாகல, இனிமே மிட்சுயோ அக்காவே பேசட்டும்’னு சொன்னவளே நான்தான்.